எரித்த வால்வு வேறு, வாங்கிய வால்வு வேறு

போன மாதம் ஒரு ஆர்டருக்கான ஆவணக் கட்டு என் மேசைக்கு வந்தது. 10 அங்குல பால் வால்வு (துளையுள்ள உருண்டையைத் திருப்பித் திறந்து மூடுவது), கிளாஸ் 600 (அழுத்தம் தாங்கும் வகுப்பு), கார்பன் ஸ்டீல் பாடி, ட்ரன்னியன் வகை (உருண்டை அச்சில் நிலையாகப் பொருந்தியது), பீக் என்கிற பிளாஸ்டிக்கில் சீட். மொத்தம் 12 வால்வுகள். கட்டு நல்ல தடிமன். வார்ப்புச் சான்றிதழ், கதிர்ப்பட அறிக்கை, நீரழுத்தச் சோதனை அறிக்கை, பெயின்ட் அறிக்கை என்று வரிசையாக அடுக்கி, கடைசிப் பிரிவில் நெருப்புச் சோதனைச் சான்றிதழ். மூன்றாம் தரப்பு ஆய்வாளரின் முத்திரை, கையெழுத்து, வால்வு தீயில் நிற்கிற வண்ணப்படம் எல்லாம் இருந்தது. இரண்டாவது பக்கத்தில் சின்ன எழுத்தில் சோதித்த வால்வின் அளவும் இருந்தது: 4 அங்குலம்.

சப்ளையரைக் கூப்பிட்டேன். "சார், டிசைன் ஒண்ணுதான் சார், சைஸ்தான் வேற" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. டிசைன் ஒன்றாகத்தான் இருந்திருக்கும். ஆனால் 4 அங்குலத்தை எரித்து வாங்கிய சான்றிதழ் 8 அங்குலத்தோடு நின்றுவிடும். 10க்கு அது வெறும் படம் போட்ட காகிதம்.

இந்த வேலைக்கு வந்த புதிதில் நானும் இதையெல்லாம் பார்த்ததில்லை. "ஃபயர் சேஃப் சர்ட்டிஃபிகேட் இருக்கா? இருக்கு. சரி, டிக்" என்று போய்க்கொண்டே இருப்பேன். ஒரு நாள் சோதனை நடப்பதை நேரில் பார்க்கிற வாய்ப்பு கிடைத்தது, அதற்கு அப்புறம் அந்தக் காகிதத்தை வாசிக்கிற விதமே மாறிவிட்டது. அதைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன், புதிதாக இந்தப் பக்கம் வருகிற யாருக்காவது உதவும்.

முதலில், ஒரு பால் வால்வு நெருப்பில் மாட்டினால் என்ன ஆகும் என்று பார்ப்போம். வெளியிலிருந்து பார்த்தால் கனமான இரும்புத் துண்டு, எரிவதற்கு அதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். ஆனால் அதன் அடைப்புத் திறன் இருப்பது இரும்பில் இல்லை, உள்ளே உருண்டையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் சீட் என்கிற மெல்லிய பிளாஸ்டிக் வளையத்தில். பெரும்பாலும் டெஃப்லான், கொஞ்சம் கடுமையான வேலை என்றால் பீக். டெஃப்லான் ஏறத்தாழ 327 டிகிரி செல்சியஸில் உருகும், பீக் 343ல். விலையில் அவ்வளவு வித்தியாசம் இருக்கும் இரண்டுக்கும் உருகுநிலையில் 16 டிகிரிதான் வித்தியாசம் என்பது எனக்கு முதலில் நம்ப முடியாத விஷயமாக இருந்தது. எண்ணெயும் வாயுவும் எரிகிற ஹைட்ரோகார்பன் நெருப்புக்கு இரண்டுமே ஒன்றுதான், ஏனென்றால் சுடர் 750லிருந்து 1000 டிகிரியில் நிற்கிறது. ரப்பர் ஓ-ரிங்குகள் இன்னும் மோசம், சீட்டுக்கு வெகு முன்னாலேயே அவை போய்விடும்.

சீட் உருகிப் போனதும் உருண்டைக்கும் பாடிக்கும் நடுவே இடைவெளி விழும். வால்வு மூடித்தான் இருக்கிறது, கைப்பிடியும் மூடிய நிலையைத்தான் காட்டுகிறது, உள்ளே எண்ணெயோ வாயுவோ தாராளமாகப் போய்க்கொண்டிருக்கிறது, அதுவும் எரிகிற பக்கத்துக்கு. நெருப்பை அணைக்க மூடிய வால்வே நெருப்புக்குத் தீனி போடுகிறது.

இதற்குச் செய்த ஏற்பாடுதான் ஃபயர் சேஃப் டிசைன். மந்திரம் எதுவும் இல்லை. சீட்டுக்குப் பின்னால் உலோகத்தில் ஒரு உதடு மாதிரி கடைந்து வைத்திருப்பார்கள். பிளாஸ்டிக் எரிந்து போனால் உருண்டை அந்த உலோக உதட்டில் போய் உட்காரும், அல்லது ட்ரன்னியன் வகை என்றால் உருண்டை நிலையாக இருக்க, சீட் வளையத்தை ஸ்பிரிங் தள்ளிக்கொண்டு வந்து அதில் ஒட்டும். உருண்டையைத் திருப்புகிற தண்டு, அதாவது ஸ்டெம், அதைச் சுற்றி டெஃப்லானோ ஓ-ரிங்கோ இருந்தாலும் கூடவே கசிவை அடைக்கிற கிராஃபைட் பாக்கிங் இருக்க வேண்டும். பாடி இணைப்பில் ஓ-ரிங்குக்குத் துணையாக ஒரு கிராஃபைட் கேஸ்கெட். நல்ல நாட்களில் பிளாஸ்டிக் வேலை பார்க்கும், நெருப்பு நாளில் உலோகமும் கிராஃபைட்டும் எடுத்துக்கொள்ளும். அந்த ஸ்பிரிங்கைக்கூடப் பல தயாரிப்பாளர்கள் இன்கோனல் எக்ஸ்-750 போன்ற உலோகக் கலவையில் போடுவது இதற்காகவும்தான். சாதாரண ஸ்பிரிங் அந்தச் சூட்டில் தளர்ந்து நூல் மாதிரி ஆகிவிடும்.

சரி, டிசைன் வரைபடத்தில் எல்லாம் அழகாகத்தான் இருக்கும். உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று தெரிந்துகொள்ள ஒரே வழி எரித்துப் பார்ப்பதுதான். அதற்கான விதிமுறைகளில் முக்கியமானவை அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் ஏபிஐ 607, சர்வதேசத் தர அமைப்பின் ஐஎஸ்ஓ 10497. இரண்டுக்கும் கடைசியாக 2022ல் புதிய பதிப்பு வந்தது, சோதனை முறையைப் பொறுத்தவரை இரண்டும் கிட்டத்தட்ட உடன்பிறந்தவை. 607 கால் சுற்றுத் திருப்பினாலே மூடும் பால், பட்டர்ஃபிளை, பிளக் வகைகளுக்கும் உலோகமல்லாத சீட் உள்ள வால்வுகளுக்கும். தகடு இறங்கி மூடும், உலோக சீட் உள்ள கேட் வால்வு மாதிரியானவற்றுக்கு ஏபிஐ 6எஃப்ஏ, ஒரு திசையில் மட்டும் ஓட விடும் செக் வால்வுக்கு 6எஃப்டி. கேட் வால்வுக்கு 607 சான்றிதழ் கேட்டு ஆர்டர் எழுதுகிறவர்கள் உண்டு. அதற்கும் ஒரு சான்றிதழ் எங்கிருந்தோ வந்து சேர்வதுதான் ஆச்சரியம்.

நான் பார்த்த சோதனை 4 அங்குல, கிளாஸ் 600 வால்வு. கனமான சுவருக்குப் பின்னால் ஒரு மேடை, அதில் வால்வை ஸ்டெம்மும் துளையும் படுக்கைவாட்டில் இருக்கும்படி வைத்து, சுற்றிலும் எரிவாயு பர்னர்கள். வால்வு மூடிய நிலை. உள்ளே தண்ணீர், உருண்டையின் நடுக்குழிவு உட்பட. எண்ணெய் வால்வுக்குத் தண்ணீரா என்று கேட்டேன், சோதனைக்கூடத்துக்காரர் சிரித்தார். எண்ணெயை வைத்து எரித்தால் கசிவை அளக்க நாம் இருக்க மாட்டோம் என்றார். தண்ணீர் என்றால் மட்டும் சாது என்று நினைக்க வேண்டாம். குழிவில் மாட்டிய தண்ணீர் சூடேறி விரியும்போது உள்ளே அழுத்தம் கன்னாபின்னாவென்று ஏறும், அதற்கு வடிகால் இல்லை என்றால் வால்வே வெடிக்கும். சுவர் இருப்பது அதற்காகத்தான். அந்த அழுத்தத்தை வால்வு தானாக விடுவித்துக்கொள்கிறதா என்பதும் சோதனையில் தெரிந்துவிடும்.

அழுத்தம் ஏற்றினார்கள். வால்வின் அனுமதிக்கப்பட்ட அழுத்தத்தில் 75 சதவீதம், கிளாஸ் 600 கார்பன் ஸ்டீலுக்கு ஏறத்தாழ 77 பார். அப்புறம் பர்னரைப் பற்றவைத்தார்கள்.

சுடரின் சராசரி வெப்பம் 2 நிமிடத்துக்குள் 750 டிகிரியைத் தொட வேண்டும், அதிலிருந்து 750க்கும் 1000க்கும் நடுவிலேயே இருக்க வேண்டும், வெப்பத்தை அளக்கிற எந்த ஒரு தெர்மோகப்பிளும் 700க்குக் கீழே இறங்கக் கூடாது. ஆனால் சுடர் சூடாக இருந்தால் மட்டும் போதாது, வால்வு சூடாக வேண்டும் அல்லவா? அதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய ஏற்பாடு எனக்கு ரொம்பப் பிடித்தது. வால்வுக்குப் பக்கத்தில் 38 மில்லிமீட்டர் கனசதுர எஃகுக் கட்டிகளைத் தொங்கவிட்டு, ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு தெர்மோகப்பிளைச் செருகியிருப்பார்கள். கலோரிமீட்டர் என்று பேர். நெருப்பு தொடங்கி 15 நிமிடத்துக்குள் அந்தக் கட்டிகளின் சராசரி 650 டிகிரிக்கு வர வேண்டும். பர்னரில் காற்று அதிகமாகி சுடர் மட்டும் பளிச்சென்று எரிந்து எஃகு சூடாகவில்லை என்றால் இங்கே மாட்டிக்கொள்ளும், சோதனை செல்லாது. பேருக்குச் சுடர் காட்டித் தப்பிக்க முடியாது.

மொத்தம் 30 நிமிடம் எரிகிறது. ஏன் 30? பெரும்பாலான நெருப்புகளை அதற்குள் அணைத்துவிடலாம், அதற்கு மேலும் எரிகிறது என்றால் அது வால்வு காப்பாற்றுகிற கட்டத்தைத் தாண்டிய பேரழிவு என்பதுதான் விதிமுறையின் பார்வை. எனக்கு இது நேர்மையான வரம்பாகத் தோன்றுகிறது. ஆனால் ஃபயர் சேஃப் என்ற சொல்லைக் கேட்கிற யாருக்கும் மனதில் 30 நிமிடம் வருவதில்லை. எவ்வளவு நேரம் எரிந்தாலும் தாங்கும் என்றுதான் நினைக்கிறார்கள். அதனால்தானோ என்னவோ விதிமுறைகளே சேஃப் என்ற சொல்லை ஒதுக்கிவிட்டு, நெருப்பில் சோதிக்கப்பட்டது என்ற அளவில் பேசுகின்றன. நாம்தான் பழைய பேரை விட மாட்டேன் என்கிறோம்.

எரிகிற அந்த 30 நிமிடமும் சுவாரஸ்யமே இல்லாத 30 நிமிடம் என்றால் நம்புவீர்களா? ஜன்னலில் ஆரஞ்சு வெளிச்சம். திரையில் எண்கள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தது நெருப்பை இல்லை, தண்ணீர் மட்டம் காட்டும் ஒரு கண்ணாடிக் குழாயை. கசிவில் இரண்டு வகை. சீட்டைத் தாண்டி வால்வின் மறுபக்கம் போவது ஒன்று, அதைக் குளிர்வித்துத் திரும்பத் தண்ணீராக்கி ஒரு பாத்திரத்தில் பிடித்துவிடலாம். ஸ்டெம் வழியாகவோ பாடி இணைப்பு வழியாகவோ வெளியே வருவது இன்னொன்று, அது சுடரில் விழுந்த மறுகணம் ஆவியாகிப் போய்விடும், பிடிக்கவே முடியாது. அதனால் மொத்தம் எவ்வளவு தண்ணீர் குறைந்தது என்று பார்த்து, அதிலிருந்து பாத்திரத்தில் சேர்ந்ததையும் குழிவிலிருந்து வெளியேறியதையும் கழித்து, மிச்சம் வெளிக்கசிவு என்று கணக்கு வைக்கிறார்கள். கண்ணால் பார்க்க முடியாததைக் கழித்தல் கணக்கில் பிடிப்பது.

இப்போது எல்லோரையும் திகைக்க வைக்கிற எண்ணுக்கு வருவோம். இந்த மாதிரி உயர் அழுத்தச் சோதனையில், எரியும்போது சீட் வழியாக அனுமதிக்கப்பட்ட கசிவு, அங்குலத்துக்கு நிமிடத்துக்கு 400 மில்லிலிட்டர். நான் பார்த்தது 4 அங்குலம், ஆக நிமிடத்துக்கு 1600 மில்லிலிட்டர். ஒன்றரை லிட்டருக்கு மேல்! வெளிக்கசிவு அங்குலத்துக்கு 100, ஆக 400 மில்லிலிட்டர் நெருப்புக்குள்ளேயே கொட்டலாம், வால்வு பாஸ். இதே வால்வு தொழிற்சாலையை விட்டுக் கிளம்பும்போது ஏபிஐ 598 படி நடந்த அழுத்தச் சோதனையில், மென்சீட் என்பதால், ஒரு சொட்டுகூடக் கசியக் கூடாது. இரண்டும் வெவ்வேறு கேள்விகள். முதல் சோதனை ஒவ்வொரு வால்வுக்கும் நடக்கும், நன்றாக மூடுகிறதா என்று கேட்கும். நெருப்புச் சோதனை ஒரு மாதிரி வால்வுக்கு மட்டும் நடக்கும், எல்லாம் நாசமான பிறகும் ஓட்டத்தை அடக்க முடிகிறதா என்று கேட்கும். ஃபயர் சேஃப் வால்வு தீப்பிடித்தால் கசியவே கசியாது என்று எழுதியிருக்கும் விற்பனைக் கையேடுகளைப் பார்க்கும்போது இந்த 1600தான் எனக்கு ஞாபகம் வரும்.

நெருப்பை அணைத்த பிறகு வால்வை 100 டிகிரிக்குக் கீழே ஆற வைத்தார்கள், தண்ணீர் அடித்து. பளபளவென்று போன பாடி கறுத்து, பெயின்ட் இருந்த சுவடே இல்லாமல் நின்றது. நான் முடிந்தது என்று நினைத்துக் கிளம்பத் தயாரானேன். சோதனைக்கூடத்துக்காரர், "இனிமேல்தான் சார் ஃபெயில் ஆகும்" என்றார்.

அவர் சொன்னது அடுத்து வந்த குறைந்த அழுத்தச் சோதனையை. கிளாஸ் 600 வரையுள்ள வால்வுகளுக்கு, ஆறிய பிறகு அழுத்தத்தை வெறும் 2 பாருக்கு இறக்கி மறுபடி கசிவை அளப்பார்கள். 77 பாரில் தாங்கியது 2 பாரில் தாங்காதா என்றுதான் யாருக்கும் தோன்றும், எனக்கும் தோன்றியது. விஷயம் தலைகீழ். உயர் அழுத்தம் உருண்டையையோ சீட் வளையத்தையோ உலோக உதட்டின் மேல் அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கும், அழுத்தமே அடைப்புக்கு உதவி. 2 பாரில் அப்படித் தள்ள ஆள் இல்லை. உதட்டைச் சரியாகக் கடையாத வால்வு, எரிந்த பிளாஸ்டிக் கரி நடுவில் மாட்டிக்கொண்ட வால்வு, சூட்டில் கோணிப்போன வால்வு எல்லாம் இங்கேதான் பல்லிளிக்கும். அனுமதியும் இங்கே சுருங்கிவிடும், அங்குலத்துக்கு 40 மில்லிலிட்டர்தான். எங்கள் வால்வு அன்று தப்பித்தது, அதிகம் மிச்சம் இல்லை.

அதற்கும் அப்புறம் அந்தக் கறுத்த வால்வைத் திரும்ப உயர் அழுத்தத்துக்கு ஏற்றி, அந்த அழுத்தத்துக்கு எதிராகத் திறக்க வேண்டும். ஒரே தடவை, முழுத் திறப்பு. இறுகிப்போய்த் திறக்கவில்லை என்றால் அதுவும் தோல்விதான். திறந்த நிலையில் வெளிக்கசிவை ஒருமுறை அளந்து முடிக்கிறார்கள். அது முடிந்ததும் அந்த வால்வு பழைய இரும்பு.

இதுதான் நான் சொல்ல வந்த விஷயத்தின் மையம். எரித்த வால்வை யாரும் விற்க மாட்டார்கள். விற்கிற வால்வை யாரும் எரித்திருக்க மாட்டார்கள். உங்கள் பைப்பில் மாட்டியிருக்கும் வால்வு நெருப்பைக் கண்ணால் கண்டதே இல்லை. அதன் அண்ணன் ஒருவன் எரிந்தான், இவனும் அவனை மாதிரிதான் என்று ஒரு உறுதிமொழி, அவ்வளவுதான் சான்றிதழ். ஆகவே கேட்க வேண்டிய ஒரே கேள்வி, இவன் உண்மையிலேயே அவன் தம்பிதானா?

அதற்கு விதிமுறை வைத்திருக்கும் கணக்கு சிக்கலானது இல்லை. அளவில், சோதித்ததற்குப் பெயரளவு விட்டம் இரண்டு மடங்கு வரை மேலே போகலாம். 2 அங்குலத்தை எரித்தால் 4 வரை, 4ஐ எரித்தால் 8 வரை, 6ஐ எரித்தால் 12 வரை. 8ஐ எரித்துவிட்டால் அதற்கு மேல் எல்லாமே அதில் அடங்கும். அழுத்த வகுப்பிலும் கிட்டத்தட்ட இதே போக்குதான், 300ஐச் சோதித்தால் 600 வரை, 600ஐச் சோதித்தால் 900 வரை. பாடி உலோகம் எந்த எஃகுக் குடும்பம், ஃபெரிட்டிக்கா (கார்பன் ஸ்டீல் இதில்தான்), ஆஸ்டெனிட்டிக்கா, டூப்ளெக்ஸா என்பதையும் பார்க்க வேண்டும், ஏனென்றால் ஆஸ்டெனிட்டிக் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சூட்டில் விரிவது கார்பன் ஸ்டீலை விட அதிகம், ஒன்றில் மூடிய இடைவெளி இன்னொன்றில் மூட வேண்டும் என்று கட்டாயம் இல்லை. எல்லாவற்றையும் விட முக்கியம் சீட், சீல், பாக்கிங். அதில் பொருளை மாற்றினால் மறுபடி சோதிக்க வேண்டும். டெஃப்லானுக்கும் கண்ணாடி இழையோ கார்பனோ கலந்த டெஃப்லானுக்கும் நடுவே மட்டும் ஒரு சலுகை உண்டு, ஒன்று இன்னொன்றுக்கு நிற்கும். டெஃப்லானுக்கும் பீக்குக்கும் அந்தச் சலுகை கிடையாது.

எரிந்து போகப்போகிற சீட் எதுவாக இருந்தால் என்ன, எப்படியும் சாம்பல்தானே என்று ஒரு இளம் பொறியாளர் கேட்டார். நல்ல கேள்வி. ஆனால் எப்படி எரிகிறது என்பதில் இருக்கிறது விஷயம். ஒன்று உருகி வழிந்து இடத்தைக் காலி செய்யும், இன்னொன்று கரியாகிக் கட்டி தட்டி உருண்டைக்கும் உதட்டுக்கும் நடுவே உட்கார்ந்துகொள்ளும்.

இனி சோதனை எதையெல்லாம் பார்ப்பதில்லை என்று கொஞ்சம். வால்வைத் திறந்து மூடுகிற இயந்திரமான ஆக்சுவேட்டரைப் பார்ப்பதில்லை. கையால் சுற்றும் கியர் பாக்ஸ் வால்வோடு சேர்ந்து வந்தால் அதற்கு இடம் உண்டு, மற்றபடி காற்றில் ஓடுவதோ மின்சாரத்தில் ஓடுவதோ இந்தச் சோதனைக்குள் வராது. அவசரகாலத்தில் தானாக மூட வேண்டிய வால்வுக்கு இது பெரிய ஓட்டை. வால்வு 30 நிமிடம் தாங்கும், அதை மூட வேண்டிய ஆக்சுவேட்டர் சிலிண்டரின் ரப்பர் சீல் அதற்கு வெகு முன்னாலேயே போய்விடும். ஸ்பிரிங் மூடும் வகையாக எடுப்பது, ஆக்சுவேட்டருக்கு நெருப்புக் காப்பு உறை போடுவது என்று வழிகள் உண்டு, ஆனால் அந்த உறைகளைச் சோதிப்பது வேறு விதிமுறை. யுஎல் 1709 என்ற அந்த விதிமுறையில் நெருப்பின் வெப்பம் 5 நிமிடத்துக்குள்ளேயே 1093 டிகிரிக்கு ஏற வேண்டும். வால்வு ஒரு நெருப்புக்கு, ஆக்சுவேட்டர் இன்னொரு நெருப்புக்கு. ஆவணத்தில் இரண்டையும் ஒரே பெட்டியில் "ஃபயர் சேஃப்: ஆம்" என்று அடைத்திருப்பதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

வால்வைப் பைப்போடு போல்ட் போட்டு இணைக்கிற விளிம்பு, அதாவது ஃபிளாஞ்ச் இணைப்பையும் சோதனை மதிப்பிடுவதில்லை. அங்கே கசிந்தால் அது வால்வின் குற்றம் இல்லை. ஆனால் நெருப்பு அப்படிப் பிரித்துப் பார்க்குமா? சாதாரணமாகப் போடுகிற பி7 என்ற தர எஃகு போல்ட்டைத் தயாரிக்கும்போது பதப்படுத்தும் வெப்பமே குறைந்தது 593 டிகிரி, அதற்கு மேல் சூடேறினால் இழுத்துப் பிடித்த விறைப்பு தளர்ந்துவிடும், கேஸ்கெட் வாய் திறக்கும். அதிலும் இரண்டு ஃபிளாஞ்சுக்கு நடுவே செருகும் வேஃபர் வகைப் பட்டர்ஃபிளை வால்வில், நீளமான போல்ட்டுகள் வால்வுக்கு வெளியே வெறுமனே நெருப்புக்குக் காட்டியபடி நிற்கும். வால்வுக்கு 607 சான்றிதழ் இருக்கும், போல்ட் நீண்டு இணைப்பு ஒழுகும். எரியக்கூடிய திரவப் பைப்பில் வேஃபர் வால்வு வேண்டாம் என்று பல ஆலைகள் உள்விதி வைத்திருப்பது இதனால்தான். என்னைக் கேட்டால் அது சரியான விதி.

அப்புறம், வால்வு எங்கே நிற்கிறது என்பது. 1988 ஜூலை 6 இரவு வட கடலில் பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடையில் முதல் வெடிப்பு நடந்து ஏறக்குறைய 20 நிமிடத்தில், டார்டன் மேடையிலிருந்து வந்த வாயுக் குழாய் சூட்டில் பிளந்தது. 167 பேர் இறந்தார்கள். வால்வு எவ்வளவு நல்லதாக இருந்தாலும், அதற்கு முன்னால் இருக்கும் பைப் பிளந்தால் மூடுவதற்கு எதுவும் இல்லை. அதன் பிறகு 1989ல் பிரிட்டன் கொண்டுவந்த விதிகளில் அவசர வால்வைக் கட்டாயமாக்கியதோடு, அது குழாயில் எந்த இடத்தில் இருக்க வேண்டும் என்பதும் முக்கிய விஷயமானது. நான் சான்றிதழைக் கட்டிக்கொண்டு அழுகிற ஆள்தான், ஆனாலும் சான்றிதழ் சொல்லாத இந்தக் கேள்வியைப் பைப்பிங் வரைபடத்தைப் பார்த்துத்தான் கேட்க முடியும்.

இதற்கு எதிர்ப்பக்கம் இன்னொரு கூத்தும் நடக்கிறது. குளிர்நீர்ப் பைப்புக்கும் ஃபயர் சேஃப், கருவிக் காற்றுப் பைப்புக்கும் ஃபயர் சேஃப். யாரோ ஒரு பழைய ஆர்டரின் விவரக்குறிப்பை நகல் எடுத்து ஒட்டியிருப்பார்கள். தண்ணீர் கசிந்தால் நெருப்புக்கு நல்லதுதானே ஐயா என்று சொல்லிப் பார்த்தேன், குறிப்பை மாற்ற ஆறு பேர் கையெழுத்து வேண்டும் என்றார்கள். விட்டுவிட்டேன்.

என் அனுபவத்தில் உண்மையான ஆபத்து வாங்கும்போது இல்லை, ஐந்தாறு வருடம் கழித்துப் பராமரிப்பில் இருக்கிறது. வால்வு லேசாக ஸ்டெம்மில் கசிகிறது, பாக்கிங்கை மாற்ற வேண்டும். ஸ்டோரில் கிராஃபைட் பாக்கிங் இல்லை, டெஃப்லான் பாக்கிங் இருக்கிறது, அளவு பொருந்துகிறது, போட்டாயிற்று. கசிவு நின்றது. சொல்லப்போனால் முன்பை விட நன்றாகவே அடைக்கிறது, கைப்பிடியும் லேசாகத் திரும்புகிறது. எல்லோருக்கும் திருப்தி. பெயர்த்தகட்டில் நெருப்புச் சோதனை முத்திரை அப்படியே இருக்கிறது, உள்ளே அந்தச் சோதனையைத் தாங்க வேண்டிய பொருள் இல்லை. ஒரு ஆலையில் ஒரு தடவை பழுதுக்கு வந்த வால்வுகளைப் பிரித்தபோது இப்படி மூன்று கண்டுபிடித்தோம். மாற்றியவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவருக்கு யாரும் சொல்லவில்லை. வேலை உத்தரவில் "பாக்கிங் மாற்றவும்" என்று மட்டும் எழுதியிருந்தது. அதற்கப்புறம் நான் பார்க்கிற ஆலைகளில் உதிரிப் பாகக் கிட்டின் எண்ணையும் பாக்கிங் பொருளையும் வேலை உத்தரவிலேயே அச்சடிக்கச் சொல்கிறேன், பாதிப் பேர் செய்கிறார்கள்.

சரி, அந்த 10 அங்குல வால்வு விஷயம். இரண்டு நாள் கழித்து சப்ளையர் இன்னொரு சான்றிதழ் அனுப்பினார். 6 அங்குலம், கிளாஸ் 600, அதே ட்ரன்னியன் டிசைன். 12 அங்குலம் வரை அடங்கும், பிரச்சினை தீர்ந்தது என்று நானே பதில் எழுத ஆரம்பித்துவிட்டேன். பழக்க தோஷத்தில் கடைசிப் பக்கம் வரை போய்ப் பார்த்தால், சீட் பொருள்: டெஃப்லான். நாங்கள் வாங்கியது பீக். மறுபடி தொலைபேசி. இந்தத் தடவை அவர் "டிசைன் ஒண்ணுதான் சார்" என்று சொல்லவில்லை, கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. அப்புறம், பீக் சீட்டில் 8 அங்குலம் ஒன்று எரித்ததாக ஞாபகம், பழைய கோப்பில் தேடிப் பார்த்துச் சொல்கிறேன் என்றார். அது கிடைக்க மூன்று வாரம் ஆனது. அளவு, வகுப்பு, பாடி, சீட், பாக்கிங், கேஸ்கெட் என்று ஒவ்வொன்றாக எங்கள் வரைபடத்தோடு வைத்துப் பார்த்தேன், பொருந்தியது. 12 வால்வுகளும் அதுவரை முற்றத்தில் தார்ப்பாய்க்குள் கிடந்தன. தாமதத்துக்கான காரணம் என்ற கட்டத்தில் திட்ட அலுவலகம் என் பேரை எழுதியிருந்தது.